கை உயரும் இடம்

என் கணவன் ட்ரையானுக்குப்
பதினொரு பெண்கள்.
நான் எண்ணியிருக்கிறேன்.

ஒருத்தி துருக்கிக்காரி.
நள்ளிரவுக்கு மேல் கருங்கடலைத் தாண்டி
மத்திய அலையில் வருவாள்,
பாதி இரைச்சல், பாதி குரல்.
ஒரு சொல்லும் அவனுக்குப் புரியாது.
"புரிந்தால் கெட்டுவிடும்" என்பான்.

ஒருத்தி பல்கேரிய மலைக்காரி,
எதிர்ச்சரிவில் ஆடு மேய்ப்பவனைச்
சாப்பிடக் கூப்பிடுவதுபோலப் பாடுவாள்.

இன்னொருத்தி
இங்கே கல்யாணங்களில் பாடியவள்.
பெயர் தெரியாது.
ஒலிநாடா உறையின்மேல்
"பச்சைச் சட்டை, மங்காலியா, 79"
என்று அவன் கையெழுத்து.
குரலைப் பதிந்தவன்
சட்டையின் நிறத்தை எதற்குக் குறித்தான் என்று
இன்றுவரை நான் கேட்கவில்லை.

ஆண் குரல் வந்தால் குமிழைத் திருப்பிவிடுவான்.
பகலெல்லாம் அதைத்தானே கேட்கிறேன் என்பான்.
கான்ஸ்டன்சா கப்பல் பட்டறையில்
நாலாயிரம் ஆண்கள்,
இரும்பின்மேல் இரும்பு.
முப்பத்தொரு வருஷம்
எண்ணெய்க் கப்பல்களின் வயிற்றுக்குள் நின்று
துருவைத் தட்டியவன்.
காதில் பஞ்சு வை என்றேன்.
பஞ்சுக்கும் வரிசையில் நின்ற காலம் அது.

மின்சாரத்தை நிறுத்திவிடும் குளிர்கால இரவுகளில்
மேல்கோட்டோடு படுப்போம்.
தீர்ந்த பேட்டரிகளை அடுப்பில் வாட்டி
இன்னும் ஒரு பாட்டைக் கறந்துவிடுவான்.
இருட்டில் எங்களுக்கு நடுவே
அவளும் படுத்திருப்பாள்.
நான் ஒருக்களித்து இடம் விடுவேன்.
பொறாமையா?
இருந்தது.
ஊறுகாய் ஜாடியின் மூடியைக்
கொஞ்சம் அதிகமாக இறுக்குவேன்,
அவ்வளவுதான்.

பிறகு ஒரு மார்ச் மாதம்
ரேடியோவைப் பழுது பார்க்கத் தூக்கிக்கொண்டு போனான்.
பெட்டியில் கோளாறு இல்லை என்றான் கடைக்காரன்.
வேறு கடைக்குப் போனான்.
அங்கேயும் அதையே சொன்னார்கள்.
மூன்றாவது கடைக்குக் கிளம்பியவனை
நான்தான் ஆஸ்பத்திரிக்குத் திருப்பினேன்.

டாக்டர் சின்னப் பெண்.
தாளில் ஒரு கோடு காட்டினாள்:
இடப்பக்கம் சமவெளி,
வலப்பக்கம் திடீரென்று
கடலுக்குள் சரியும் கரை.
கீழே உள்ளவை இருக்கின்றன,
மேலே உள்ளவை போய்விட்டன, திரும்பாது.
ஆண்கள் பேசுவது நன்றாகவே கேட்கும் என்று
ஆறுதலும் சொன்னாள், பாவம்.

பஸ்ஸில் நாலு நிறுத்தம் பேசவில்லை.
அப்புறம் சொன்னான்:
"எல்லாரும் மாடிப்படி ஏறுகிறார்கள், ரோதிகா.
மேலே போனதும்
கதவைச் சாத்திக்கொள்கிறார்கள்."

இப்போது ஒரு ஏற்பாடு.
ஞாயிறு மதியம், தட்டுகளைக் கழுவியபின்
அவன் நாடாவைப் போடுவான்.
எதிரே நான்,
மடியில் சூரியகாந்தி விதைகள்.
குரல் ஏறத் தொடங்கும்போது
வலது கையை உயர்த்துவேன்.
ஏற ஏற உயர்த்துவேன்.
அவள் நடுங்குமிடத்தில் விரல்களை நடுக்குவேன்.
எனக்குச் சங்கீதம் தெரியாது.
அவனுக்கோ எல்லாம் மனப்பாடம்.
"இன்னும் மேலே" என்பான்,
அலமாரிக்கு மேல்
எதையோ எடுக்கச் சொல்வதுபோல.

கல்யாணமாகி நாற்பத்துநாலு வருஷத்தில்
இப்படிக் கண் கொட்டாமல்
அவன் பார்த்ததே இல்லை,
என்னையல்ல,
என் கையை.

போன ஞாயிறு பச்சைச் சட்டைக்காரி.
அக்கார்டியன் ஓய்ந்து
அவள் மட்டும் தனியாக ஏறுமிடம்.
பெட்டி நாடாவை விழுங்கிக்கொண்டு
நின்றேவிட்டது.
ஜன்னலுக்கு வெளியே கடல்காகங்கள்,
கீழ்வீட்டில் யாரோ இருமுகிறார்கள்,
வேறு சத்தமில்லை.
அவன் கண்கள் என் கையில்.

நான் இறக்கவில்லை.
அவள் எங்கே மூச்சு வாங்குவாள் என்று
எப்போதோ எனக்குப் பாடமாகியிருந்தது.
வாங்கினேன்.
ஏறினேன்.
அவள் ஒருநாளும் ஏறாத
ஒரு படியும் ஏறினேன்,
நாற்காலியிலிருந்து பாதி எழுந்து.
அங்கேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு
மெல்ல, மெல்ல, மடிக்கு.

ட்ரையான் மூக்கை உறிஞ்சிக்கொண்டான்.
"இன்றைக்கு நன்றாகப் பாடினாள்" என்றான்.

விதைகளெல்லாம் தரையில்.
பொறுக்கிக்கொண்டிருந்தேன்.
தோள் இன்னும் வலிக்கிறது.